கொட்டியாரக்குடா மீன்களின் சந்ததி

மத்திய மலைநாட்டில் உற்பத்தியாகி, கண்டி நகரை வளைத்து, பொலன்னறுவை வயல்களின் வடிகாலையும் வாங்கிக்கொண்டு 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, வழியில் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அனைத்தையும் மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் இறக்கிவிடுகிறது. அந்தக் குடாவை நம்பித்தான் மூதூரிலும் கிண்ணியாவிலும் எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்கிறது. ஆற்றங்கரையிலேயே அமைந்த கொஹாகொடைக் குப்பைமேட்டின் கசிவும், நகரங்களின் கழிவுநீரும், பீடைகொல்லிகளின் எச்சமும் வந்து சேரும் இடமும் அதுவே.

செத்து மிதக்கும் மீனைக் கண்டால் ஜனங்கள் பதறுவார்கள். அதிகாரிகளும் நீர் மாதிரி எடுக்கப் போத்தலோடு ஓடிவருவார்கள். ஆனால் இத்தகைய கழிவுகளில் கலந்திருக்கக்கூடிய, ஓமோன்களின் இயக்கத்தைக் குலைக்கும் இரசாயனங்கள் மீனைக் கொல்லாமலே அதன் வம்சத்தை அறுக்க வல்லவை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்திரஜனை விஞ்ஞானிகள் ஓர் ஏரியில் லீற்றருக்கு 5 அல்லது 6 நனோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குதான் நனோகிராம். ஆண் மீன்களின் உடலில் பெண் மீனுக்கே உரிய முட்டைக்கருப் புரதம் ஊறியது. விந்தகத்தினுள்ளே முட்டை அணுக்கள் தோன்றின. சிறு மீனினம் ஒன்று அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போயிற்று. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அதே இனம் மீண்டும் பெருகியது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் பரிகாரம் நம் கையில் இருக்கிறது என்பதற்கு அது பிரத்தியட்சமான சாட்சி.

1998இல் இலங்கை எண்டோசல்பன் என்னும் பீடைகொல்லியைத் தடைசெய்தது. அதை அருந்தி மனிதர் மாண்டதே அதற்குக் காரணம். அந்த முடிவைப் போற்றுகிறோம். ஆயினும் மனித சவம் கிடந்தாலன்றிச் சட்டம் அசையாது என்றால், பிறவாமலே போகும் மீன்குஞ்சுகளுக்காக வழக்குரைப்பவர் யார்?

கடனில் தத்தளிக்கும் தேசம் இத்தகைய இரசாயனங்களைக் குடாவில் தேடும் நுண்பரிசோதனைக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே, ஆனால் நனோகிராமை அளக்கும் விலையுயர்ந்த கருவியோடுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. கழிமுகச் சேற்றில் மேயும் மணலை மீனைப் பிடித்து, ஆண் மீனின் சிறிதளவு இரத்தத்தில் முட்டைக்கருப் புரதம் உண்டா என்று பார்ப்பதும், அதன் விந்தகத்தை மெல்லிய சீவலாக அரிந்து நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்வதும் நீர்வாழ் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாராவுக்கும் நமது பல்கலைக்கழகங்களுக்கும் எட்டாத காரியங்கள் அல்ல. ஆண்டுதோறும், மாரிக்கு முன்னும் பின்னும், இது தவறாமல் நடைபெற வேண்டும். முடிவுகள் கொழும்பு அலமாரிகளில் உறங்காமல், மீனவர் சங்கங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும்.

கேடு கண்டறியப்பட்டால், மூதூர் மீனவனின் வலையைச் சுருட்டச் சொல்வது நீதியாகாது. ஆற்றின் மேற்பகுதியில் கழிவை விடுகிறவர்களே அதைச் சுத்திகரிக்கும் செலவை ஏற்குமாறு மத்திய சுற்றாடல் அதிகார சபை கட்டாயப்படுத்த வேண்டும். கொஹாகொடையின் கசிவை ஆற்றில் கலக்கவிடாமல் தடுப்பதே அதன் முதற்காரியமாகட்டும்.