ஜீவனாம்சத்துக்கும் பஞ்சப்படி வேண்டும்!

விலைவாசி ஏறினால் நமக்குப் பஞ்சப்படி ஏற வேண்டும். இதை எந்த மில் தொழிலாளிக்கும் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இன்டெக்ஸ் புள்ளி ஒன்று கூடினால் நமக்கு எத்தனை பைசா வரவேண்டும் என்று கேட் மீட்டிங்கில் கணக்குச் சொல்லும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அதே தோழரிடம், விவாகரத்தாகி ஊரோடு போய்விட்ட அவரது மனைவிக்குக் கோர்ட்டு உத்தரவிட்ட தொகை எத்தனை வருஷமாக ஒரே தொகையாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக் கொள்வார்.

சட்டமும் வெகுகாலம் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக் கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்சமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லக்கூடாது என்ற உச்சவரம்பு 1955-ல் அகில இந்தியச் சட்டத்தில் வைக்கப்பட்டது. 1973-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் புதிதாக எழுதப்பட்டபோது, விவாகரத்தான பெண்ணும் ‘மனைவி’ என்ற சொல்லுக்குள் சேர்க்கப்பட்டாள். அது நல்ல காரியம். ஆனால் 500 ரூபாய் அப்படியே இருந்தது. 2001-ல்தான் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. நாற்பத்தாறு வருஷம்! அந்த நாற்பத்தாறு வருஷத்தில் அரிசி என்ன விலைக்குப் போயிற்று என்று வாசகர்களே நினைத்துப் பார்க்கட்டும்.

வரம்பு போய்விட்டது, சரி. ஆனால் ஒருமுறை போட்ட உத்தரவு தானாக ஏறாது. அதை ஏற்றும்படி மனுப் போட வேண்டும். பழைய சட்டத்தில் 127-வது பிரிவு இதற்கு வழி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் இருக்கும் புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் அது 146-வது பிரிவு. (ஜீவனாம்சம் கேட்கும் 125-வது பிரிவு இப்போது 144.) நிலைமை மாறிவிட்டது என்று நிரூபித்தால் மாஜிஸ்திரேட் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஹிந்து விவாகச் சட்டப்படி நிரந்தர ஜீவனாம்சம் பெற்றவர்களுக்கும் 25-வது பிரிவில் இதே வழி உண்டு. கணவனின் சம்பளம் உயர்ந்தது, குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்தது, அவளுக்கு நோய் வந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போக முடியவில்லை—இவையெல்லாம் நிலைமை மாறியதுதான். கூலி வேலை செய்கிறாளே, அவளுக்கு எதற்கு ஜீவனாம்சம் என்று வக்கீல் கேட்பார். பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தால்தான் கேட்கலாம் என்பதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2007-லேயே கூறிவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். மில் மூடப்பட்டு, வேலையிழந்து, பழைய உத்தரவுப்படி பணம் கட்ட முடியாமல் தவிக்கும் தொழிலாளியும் உண்டு. அவர் செய்யும் தவறு, பேசாமல் இருந்துவிடுவது. வேலை போனதும் அவரே குறைக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். போடாமல் இருந்தால் பாக்கி மாதாமாதம் ஏறும். பாக்கிக்காக ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறையில் இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் அநேகர். தீராது. சிறை என்பது பணத்தை வசூலிக்க ஒரு வழியே தவிர, பணத்துக்கு ஈடல்ல என்று 1988-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. பெண்களும் ஒன்றை மறக்கக்கூடாது: ஒரு மாதப் பாக்கிக்கு, அது விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். தாமதித்தால் அந்த வாரண்டு கிடைக்காது.

எல்லாவற்றிலும் மோசமானது நம் கிராமங்களில் நடக்கும் பஞ்சாயத்துத் தீர்வை. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, கையில் சொற்பப் பணத்தைத் திணித்து, ‘இனி எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று அவளிடம் கைரேகை வாங்கிவிடுகிறார்கள். சகோதரிகளே, வாசித்துக் காட்டச் சொல்லாமல் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள். விவாகரத்துக்குப் பின் தானாகவே உரிமையை விட்டுக்கொடுத்தாள் என்று கோர்ட்டு கண்டால், உத்தரவையே ரத்துச் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. இந்தப் பஞ்சாயத்துகளில் நமது சங்கத்துக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். முதலாளி கூலியை ‘முழுத் தீர்வை’ என்று எழுதி வாங்கினால் கொதிக்கும் நாம், இங்கே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம்! சம்பளத்தைக் குறைத்துக் காட்டும்படி கேட்கும் அங்கத்தினருக்கு எந்தச் சங்க நிர்வாகியும் சீட்டு எழுதிக் கொடுக்கக்கூடாது.

சம்பளத்தை மறைக்க இப்போது முன்போல் இடமுமில்லை. இரு தரப்பாரும் வரவு, சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. தினக்கூலிகளுக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்போருக்கும் அந்தப் பத்திரத்திலிருந்து விலக்கு உண்டு. மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை சேரும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. மதம் எதுவானாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது என்பதை 2024 ஜூலையில் தெலுங்கானா வழக்கிலும் அக்கோர்ட்டு உறுதி செய்தது.

இடைக்கால ஜீவனாம்சத்தை இயன்றவரை 60 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வாய்தாவுக்கு வாய்தா, ஒரு நாள் கூலியை இழந்து பஸ்ஸில் வந்து போகும் பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். கோர்ட்டுகளும் நீதிபதிகளும் போதாது. சர்க்கார் கூடுதலாக நியமிக்க வேண்டும். பஞ்சப்படி போல, விலைவாசிப் புள்ளியோடு ஜீவனாம்சமும் தானாக ஏறும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். பஞ்சப்படிக்காகப் போராடும் சங்கங்கள் இந்தக் கோரிக்கையையும் தமது மாநாட்டுத் தீர்மானங்களில் சேர்க்க வேண்டும்.

அதுவரை, பழைய தொகையில் கஷ்டப்படும் பெண்கள் தாலுகா கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். 1987 சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். பழைய உத்தரவின் நகலும், வாடகை, மருந்து, பள்ளிச் செலவுக்கான ரசீதுகளும் கையில் இருக்கட்டும்.