மூணாவது எழுத்து மாறினா எலும்பு உடையும்!

ராத்திரி மிச்சமான ஆட்டுக்கால் பாயாவை ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு, காலையில திறந்து பார்த்திருக்கீங்களா? மேல வெள்ளையா படிஞ்சிருக்கிறது கொழுப்பு. அதுக்குக் கீழே ஜெல்லி மாதிரி தளதளன்னு ஆடுதே, அது கொழுப்பு இல்லை பாஸ்... புரதம்! பேர், கொலாஜன். எலும்பு, தோல், தசைநார், மீன் செதில், நீங்க போட்டிருக்கிற லெதர் செருப்புன்னு எல்லாத்துலயும் இருக்கிற ஆள். வேக வெச்சா முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிடும். அதான் காலையில ஆடுது.

இந்த வாரம் கல்மண்டபம் மார்க்கெட்டுல கிளம்பி கிண்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போறோம். 'நான் இன்ஜினீயரிங், பயாலஜி எனக்கு ஆகாது'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. நானும் அதே கேஸ்தான்!

புரதம்னா, 20 வகை அமினோ அமிலங்களை எழுத்துகளா வெச்சுக் கோத்த நீளமான சரம். அதை எப்படிப் படிக்கிறது? பழைய வழி ரொம்ப முரட்டுத்தனமானது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டு, 110 டிகிரியில ஒரு நாள் முழுக்க சூடு பண்ணுவாங்க. சரம் மொத்தமும் அறுந்துடும். அப்புறம் எந்த எழுத்து எத்தனைன்னு எண்ணலாம். ஆனா, எந்த எழுத்துக்குப் பக்கத்துல எது இருந்துச்சுன்னு தெரியாது. ஒரு கதைப் புத்தகத்தை எழுத்து எழுத்தா கத்தரிச்சு எண்ணின மாதிரி!

கொலாஜனை அப்படி எண்ணினப்ப ஒரு விஷயம் உறுத்துச்சு. மூணுல ஒரு பங்கு கிளைசின்!

1952-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியரா வந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். அப்போ வயசு முப்பதுதான். அந்த வருஷம் சென்னைக்கு வந்த விஞ்ஞானி பெர்னால், 'கொலாஜன் எப்படி இருக்கும்னு இன்னும் யாரும் சரியா சொல்லலை'ன்னு பேச்சுவாக்குல சொல்ல, இவர் பிடிச்சுக்கிட்டார். அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து கங்காரு வால் தசைநார் கிடைச்சுது. எக்ஸ்-ரே படம் எடுத்தார். கூடவே அந்த 'மூணுல ஒரு பங்கு' கணக்கு. 'அப்படின்னா ஒவ்வொரு மூணாவது இடமும் கிளைசினுக்கே ரிசர்வ் ஆகியிருந்தா?'

காசிமேட்டுல படகு கட்டுற கயிறைப் பிரிச்சுப் பாருங்க. மூணு புரி முறுக்கியிருக்கும். கொலாஜனும் அதே டிசைன்தான். மூணு சரம் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கும்போது, ஒவ்வொரு சரத்துலயும் மூணாவது எழுத்து கயிறோட நடுவுல மாட்டும். அங்க இடமே கிடையாது. இருக்கிற 20 பேர்ல ரொம்ப ஒல்லியான ஆள் கிளைசின். பக்கவாட்டுல ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். அவன் மட்டும்தான் உள்ளே நுழைய முடியும்!

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல இதை 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. 1955-ல திருத்தி இன்னும் மெருகேத்தினாங்க. எழுத்து வரிசையையே படிக்காம, எண்ணிக்கையையும் எக்ஸ்-ரேயையும் மட்டும் வெச்சு கிண்டியில சொன்ன விஷயம் இது!

வரிசையைப் படிக்கிற வழியை 1950-ல எட்மன் கண்டுபிடிச்சார். பூச்சரத்தோட ஒரு நுனியில இருந்து ஒவ்வொரு பூவா உருவுற டெக்னிக். ஒரு ரசாயனம் நுனி எழுத்தைப் பிடிச்சுக்கும், அமிலம் அதை மட்டும் கழட்டும். ஆனா, ஐம்பது அறுபது எழுத்து தாண்டினா குழம்பிடும். கொலாஜன்ல ஆயிரத்துக்கும் மேல எழுத்து! அதனால சயனோஜன் புரோமைடு போட்டு, மெத்தியோனின் வர்ற இடத்துல எல்லாம் வெட்டி, துண்டு துண்டா படிச்சு ஒட்டினாங்க. ராமச்சந்திரன் சொன்ன மாதிரியே மூணாவது எழுத்தெல்லாம் கிளைசின்!

சரி, இதெல்லாம் தெரிஞ்சு நமக்கு என்ன?

சில குழந்தைங்களுக்கு லேசா தடுக்கி விழுந்தாலே எலும்பு உடையும். மாவுக்கட்டு பிரிக்கிறதுக்குள்ள அடுத்த எலும்பு. 'பால் குடுக்கலையா?'னு அக்கம்பக்கம் அம்மாவைக் குடையும். 'அடிச்சீங்களா?'னு சில இடங்கள்ல சந்தேகமே வரும். அம்மா மேல தப்பே இல்லை. இது எலும்பு நொறுங்கும் நோய். நிறைய பேருக்கு இதுக்குக் காரணம், கொலாஜன்ல ஒரே ஒரு கிளைசின் இருக்க வேண்டிய சீட்டுல வேற ஒரு குண்டு ஆள் உட்கார்ந்துட்டதுதான். கயிறு அந்த இடத்துல முறுக்கிக்காம புடைச்சுக்கும்.

இப்போ டி.என்.ஏ-வைப் படிச்சு, கம்ப்யூட்டர்ல புரத எழுத்தா மாத்தி, சரியான வரிசையோட பக்கத்துல வெச்சு ஒப்பிடுறாங்க. எந்த எழுத்து, எத்தனையாவது இடம்னு தெரிஞ்சுடும். எல்லா மாற்றமும் ஒரே அளவு கெடுதல் பண்ணாது. எந்த இடம், உள்ளே வந்தது யாருங்கிறதைப் பொறுத்து நோய் லேசாகவும் இருக்கும், உயிருக்கே ஆபத்தாகவும் இருக்கும். முழுசா குணமாக்க இன்னும் மருந்து இல்லை. ஆனா, எலும்பு உடையறதைக் குறைக்க மருந்து இருக்கு. முக்கியமா, அந்த அம்மாவை இனிமே யாரும் குடைய முடியாது!

1963-ல ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூணு பேரும் புரதச் சரம் எந்தெந்தக் கோணத்துல மடங்கலாம், எதுல மடங்கவே முடியாதுன்னு ஒரு வரைபடம் போட்டாங்க. அதுதான் 'ராமச்சந்திரன் பிளாட்'. 2024 வேதியியல் நோபல், புரத வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டு ஆட்களுக்கும் போச்சு இல்லையா? அது கொடுக்கிற வடிவத்தைக்கூட இந்தப் பிளாட்ல வெச்சு சரிபார்க்கிறாங்க!

இப்போ உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். யூனிப்ராட் டேட்டாபேஸ் எல்லாருக்கும் இலவசம். அதுல பி02452-னு தேடினா, மனுஷ கொலாஜன் சரம் ஒண்ணு, 1464 எழுத்தோட வரும். 179-வது எழுத்துல ஆரம்பிச்சு 1192 வரைக்கும் மூணு மூணா தாண்டிப் போங்க. ஒவ்வொரு தடவையும் கிளைசினுக்கான 'ஜி' வருதான்னு எண்ண ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதுங்க. நாலு வரி போதும். 338-னு விடை வரணும். வரலைன்னா சந்தேகமே வேண்டாம்... கொலாஜன் சரியாத்தான் இருக்கு, உங்க லூப்பைப் பாருங்க!