பின்னணியில் நிற்கும் ஊர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெசன்ட் நகர் ஃபிளாட் ஒன்றில் சாப்பாடு முடிந்து, டி.வி.யில் எழுபதுகளின் படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கடற்கரை மணலில் கதாநாயகியைத் துரத்திக்கொண்டு கதாநாயகன் ஓடுகிறார்.

"டேய், நிறுத்து நிறுத்து! கொஞ்சம் பின்னாடி ஓட்டு" என்கிறார் பாட்டி.

"யாரு பாட்டி, அந்த நடிகையா?"

"அவ கிடக்கா. அவளுக்குப் பின்னாடி பாரு. அந்த வெள்ளை வளைவு தெரியுதா? நம்ம பீச் மண்டபம்டா அது. சுத்தி ஒண்ணுமே இல்ல பாரு!"

பழைய படம் பார்க்கும் பல வீடுகளில் இது வழக்கமான காட்சிதான். கதை ஒரு பக்கம் போகும். பெரியவர்களின் கண் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் போகும். அங்கே அவர்கள் நடந்த தெரு, ஏறிய பஸ், இப்போது இல்லாத ஒரு கட்டடம் இருக்கும்.

பாட்டி காட்டிய மண்டபம் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று இந்தக் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமி அவர். எலியட்ஸ் கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தச் சுவரில் சாய்ந்துதான் சுண்டல் சாப்பிடுகிறார்கள். பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த வளைவு தெரியும்.

மற்ற இடங்களில் பழைய படத்தைப் பார்த்தால், காணாமல் போனது ஒரு கட்டடமாக இருக்கும். பெசன்ட் நகரில் விஷயம் தலைகீழ். கட்டடம் அப்படியே நிற்கிறது. காணாமல் போனது அதைச் சுற்றியிருந்த வெறும் மணல். அன்னி பெசன்ட் பெயரில் இந்த நகர் உருவானது எழுபதுகளில்தான். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் வந்தன. வேளாங்கண்ணி மாதா கோயில் 1972-ல் வந்தது. அஷ்டலட்சுமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1976-ல். அதற்கு முன் இங்கே இருந்தவர்கள் ஊரூர் குப்பம் போன்ற மீனவக் குப்பங்களின் மக்கள். கட்டுமரங்களும் காயும் வலைகளும்தான் அன்றைய அடையாளங்கள். ஆகவே, மண்டபத்துக்குப் பின்னால் மணலைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு காட்சி, இந்தப் பகுதியின் பிறப்புக்கு முந்தைய புகைப்படம் மாதிரி.

கொஞ்சம் வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், இன்னொரு அடையாளம் உண்டு. 1967-ல் மீனவர்கள் ஆற்றைக் கடந்து சாந்தோம் பக்கம் போக ஒரு பாலம் கட்டினார்கள். 1977-ல் ஆற்று வெள்ளத்தின் வேகத்தில் அது உடைந்தது. பிறகு யாரும் அதைச் சேர்த்துக் கட்டவில்லை. 'உடைந்த பாலம்' என்பதே அதன் பெயராகிவிட்டது. இன்றைய இளைஞர்களுக்கு அது செல்ஃபி எடுக்கிற இடம். ஆனால் அந்தப் பாலம் முழுசாக நின்றது பத்தே ஆண்டுகள்தான். எந்தப் படத்திலாவது இரு கரையையும் தொட்டுக்கொண்டு அது தெரிந்தால், அந்தக் காட்சி எடுக்கப்பட்டது எந்தப் பத்து ஆண்டுகளில் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இப்படி ஆண்டைக் கண்டுபிடிப்பது சென்னைக்காரர்களுக்கு நல்ல விளையாட்டு. சில குறிப்புகள் கையில் இருந்தால் போதும். மவுன்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் இருந்தால், 1959-க்குப் பின். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருந்து, வள்ளுவர் சிலை இல்லை என்றால், 1959-க்கும் 1968-க்கும் இடைப்பட்டது. ஏனென்றால் கண்ணகி, வள்ளுவர், ஒளவையார் சிலைகள் எல்லாம் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வந்தவை. ஜெமினி மேம்பாலம் இருந்தால் 1973-க்குப் பின். வள்ளுவர் கோட்டம் தெரிந்தால் 1976-க்குப் பின். மெரினாவில் சிவப்பு-வெள்ளைக் கலங்கரை விளக்கம் நின்றால் 1977-க்குப் பின். அதுவரை விளக்கு எரிந்தது உயர் நீதிமன்றத்தின் கோபுரத்தில். பஸ்ஸின் மேல் 'பல்லவன்' என்ற எழுத்து இருந்தால், அது 1972-க்கு முந்தையதாக இருக்க முடியாது.

மறைந்தவையும் இதேபோல் உதவும். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் தெரிந்தால், 1985 தீ விபத்துக்கு முன். மெரினாவில் சீரணி அரங்கம் தெரிந்தால், 2003-க்கு முன். டிரைவ்-இன் உட்லண்ட்ஸில் காருக்குள்ளேயே யாராவது தோசை சாப்பிட்டால், 2008-க்கு முன். அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா.

ஆரம்பிக்க இரண்டு படங்கள் போதும். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில், முத்துராமனும் காஞ்சனாவும் வரும் மெரினாப் பாட்டு. 1967-ல் கே.பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யில், நாகேஷ் மதராஸைப் பார்த்து வியந்துகொண்டே பாடும் பாட்டு. இரண்டிலும் நகரமும் ஒரு நடிகர்தான்.

ஒரு எச்சரிக்கை. திரையில் தெரிவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள் எடுத்தவை. 'மதராஸ் தெரு' என்று காட்டியது வடபழனியில் போட்ட செட்டாக இருக்கலாம். கதாநாயகன் மெரினாவில் கார் ஏறி, அடுத்த ஷாட்டிலேயே எலியட்ஸ் கடற்கரையில் இறங்குவார். ஒரே காட்சியில் இரண்டு அடையாளங்கள் சேர்ந்து தெரிந்தால் மட்டுமே முடிவுக்கு வரலாம்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. சாதாரணத் தெருவையும், பஸ் நிறுத்தத்தையும், குப்பத்தையும் அன்று யாரும் அக்கறையோடு படம் எடுத்து வைக்கவில்லை. வீட்டில் கேமரா வைத்திருந்தவர்களும் கல்யாணத்தைத்தான் எடுத்தார்கள். அசையும் படமாக நம் ஊர் மிச்சமிருப்பது பெரும்பாலும் சினிமாவின் பின்னணியில்தான், அதுவும் தற்செயலாக.

அந்த மிச்சமும் கரைகிறது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. பழைய படச்சுருள் புளிக்காடி வாடை அடிக்க ஆரம்பித்தால், அது அழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு வெள்ளைச் சுருளில் இருக்கும் வெள்ளிக்காகவே பிரதிகளைக் கரைத்தவர்களும் உண்டு.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. 1973-ல் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. அகலமான அந்த வகைப் படங்களைப் பழைய டி.வி.யின் சதுரத் திரைக்கு முழுசாக நிரப்பினால், அகலத்தில் 40 சதவிகிதத்துக்கும் மேல் வெட்டுப்படும். நடுவில் நிற்கும் நடிகர்கள் தப்பிவிடுவார்கள். வெட்டுப்படுவது ஓரம். ஊர் இருப்பது அந்த ஓரத்தில்தானே! வெட்டாத பிரதி கிடைத்தால் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை பெரியவர்கள் "நிறுத்து" என்றால், அலுத்துக்கொள்ளாமல் நிறுத்துங்கள். படத்தின் பெயர், எத்தனையாவது நிமிடம், என்ன இடம், அவர்களுக்கு அங்கே என்ன நினைவு என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திரையில் இருக்கும் தெருவுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களுக்குப் பிறகு அது ஏதோ ஒரு தெருதான்.

படம் முடிந்தது. கதை என்ன என்று கேட்டால் பேரனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வீடு ஒதுக்கீடான புதிதில் "அவ்வளவு தூரத்துலயா போய் இருக்கப் போறே?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதும், ராத்திரியானால் அலைச் சத்தம் படுக்கைவரை கேட்டதும் இப்போது அவனுக்குத் தெரியும்.

சாயங்காலம் இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். படத்தில் பார்த்த அதே கோணத்தைத் தேடிப் பிடித்து, பேரன் மொபைலைத் தூக்கினான். குறுக்கே பலூன்காரர், பஜ்ஜிக் கடை, ஸ்கூட்டரில் ஒரு குடும்பம்.

"எல்லாரும் நடுவுல வராங்க பாட்டி. கொஞ்சம் நகரட்டும்."

"வேண்டாம், அவங்களையும் சேர்த்தே எடு" என்றார் பாட்டி. "அம்பது வருஷம் கழிச்சு யாராவது தேடுவாங்க."