நம் உழைப்பில் எழுந்த நிலையம், நம் வீட்டு வாசல்வரை வரட்டும்!



கேஎல் சென்ட்ரலில் கால் வைக்காத தமிழ்க் குடும்பம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அநேகமாக இருக்காது. ஈப்போவுக்குப் போவதானாலும், பத்துமலைக்குப் போவதானாலும், பிள்ளையை விமான நிலையத்தில் வழியனுப்புவதானாலும் அங்கேதான் இறங்கி ஏறுகிறோம். ஆனால் அந்த நிலையம் யாருடைய உழைப்பு மண்ணில் நிற்கிறது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

பிரிக்ஃபீல்ட்ஸில் மலாயா ரயில்வேயின் பழைய யார்டு இருந்த இடம் அது. 1885-இல் தைப்பிங்கில் முதல் ரயில் ஓடியது. மறு ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பாதை திறந்தது. அதன் பிறகு பல தலைமுறைகளாகத் தண்டவாளம் போட்டதும் பழுது பார்த்ததும் தமிழகத்திலிருந்து வந்த நம் தாத்தாக்கள். அலுவலகத்தில் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத் தமிழர்கள். அவர்கள் குடியிருந்த "நூறு குவார்ட்டர்ஸ்" இன்று இல்லை. இடித்துவிட்டார்கள். யார்டு இருந்த 72 ஏக்கர் நிலம் தனியார் மேம்பாட்டுக்குப் போனது. 2001-இல் புதிய நிலையம் திறக்கப்பட்டது. சுற்றிலும் ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன.

வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த வளர்ச்சியில் ஏழைப் பயணிக்கு என்ன இடம் என்றுதான் கேட்கிறோம்.

ஓர் உதாரணம் பாருங்கள். மோனோரயில் 2003-இல் வந்தது. அதன் நிலையத்துக்கும் கேஎல் சென்ட்ரலுக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் பயணிகள் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் வெளியே நடந்தார்கள். 2014-இல் பேரங்காடி திறந்த பிறகுதான் தலைக்கு மேல் கூரை கிடைத்தது. பயணிக்காக வராத கூரை, கடைக்காக வந்தது! இன்றும் மோனோரயிலுக்குப் போகிறவர் அந்தக் கடைகளைக் கடந்துதான் போகிறார்.

நிலையத்துக்குள் இணைப்புகள் பெருகியிருப்பது உண்மை. கொம்யூட்டர், எல்ஆர்டி, விமான நிலைய ரயில், ஈடிஎஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் உள்ளன. 2017 முதல் மியூசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்துக்கும் நடைபாதை உண்டு. குறை இருப்பது பாதையின் மறுமுனையில், நம் வீட்டுப் பக்கத்தில்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் எங்கே போனார்கள்? கிள்ளானிலும் ரவாங்கிலும் சுங்கை பூலோவிலும் உள்ள மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அங்கிருந்து ரயில் நிலையம் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பேருந்து எப்போது வரும் என்று தெரியாது. வாடகைக் கார் பிடித்தால் ரயில் டிக்கெட்டைவிட அதற்கே அதிகம் செலவாகிறது. நிலையம் போய்ச் சேர்ந்தாலும், உச்ச நேரம் கழிந்துவிட்டால் கொம்யூட்டருக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். காலை 6 மணி ஷிஃப்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இந்த ரயில் எப்படி உதவும்?

அதனால்தான் நம் பையன்கள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். இந்நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. வராத பேருந்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

"பயணிகள் குறைவு, அதனால் சேவையும் குறைவு" என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். ரயிலும் பேருந்தும் நேரத்துக்கு வராவிட்டால் பயணி எங்கிருந்து வருவார்? தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். பத்துமலைக்கு இரவெல்லாம் ரயில் ஓடுகிறது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? திருவிழாவுக்கு வரும்போது பக்தர்களாகத் தெரிகிற நாம், மற்ற நாட்களில் வேலைக்குப் போகும் தொழிலாளர்களாகத் தெரிய வேண்டாமா?

கட்டணத்துக்கு வருவோம். மாதம் 50 வெள்ளி மை50 அட்டையில் ரேப்பிட் கேஎல் பேருந்து, எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். நல்ல திட்டம், தகுதியுள்ளவர்கள் தவறாமல் எடுங்கள். ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். இந்த மண்ணிலேயே பிறந்து, தோட்டத்தில் பால் மரம் வெட்டி, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு அலையும் நம் பெரியவர்களுக்கு அந்த அட்டை இல்லை. அடையாள அட்டையே இல்லாதவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

நாம் கேட்பவை இவைதாம்:

1. மலிவு விலை அடுக்குமாடிகளிலிருந்து அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கு, முதல் ரயிலைப் பிடிக்கும் நேரத்தில் பேருந்து.

2. உச்ச நேரத்துக்கு வெளியேயும் நம்பிப் போகக்கூடிய கொம்யூட்டர் அட்டவணை.

3. கொம்யூட்டர் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே மாத அட்டை.

4. நிரந்தரவாசிகளுக்கும் குடியுரிமைக்காகக் காத்திருப்போருக்கும் அதே சலுகை.

கேஎல் சென்ட்ரலைப் புதுப்பிக்கும் திட்டம் 2024-இல் பேசப்பட்டது. அப்படிப்பட்ட திட்டங்கள் வரும்போதெல்லாம் மேசையில் குத்தகையாளர்கள் இருக்கிறார்கள், கடைக்காரர்கள் இருக்கிறார்கள். பயணி இருப்பதில்லை.

எனவே, வாசகர்களே, காப்பிக் கடையில் புலம்பியது போதும். பேருந்து வராத நாளில் தேதி, நேரம், பேருந்து எண், நிறுத்தத்தின் பெயர் நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு, உங்கள் அடுக்குமாடியில் எல்லா இனத்தவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் அதே நிறுத்தத்தில்தான் காத்திருக்கிறார்கள். அதன் நகல்களைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போக்குவரத்து அமைச்சுக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள்.

ஒருவர் எழுதினால் அது புகார். ஓர் அடுக்குமாடியே எழுதினால் அது கோரிக்கை. தண்டவாளம் போட்ட சமூகம், அதில் ஓடும் ரயிலில் நியாயமான இடம் கேட்பது பிச்சை அல்ல. உரிமை!