கட்டு மாற்றும் முன் கேளுங்கள்

மணிமங்கலத்தின் வாடகை அறைகளில் பிகார், ஒடிசா, அசாம் இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். உருகிய அலுமினியம் தெறிப்பதும் நீராவிக் குழாய் வெடிப்பதும் அந்த வேலையோடு ஒட்டிய ஆபத்துகள். அறையில் கேஸ் கசிந்து பற்றிக்கொள்வது இன்னொரு ஆபத்து. காயம் பெரிது என்றால் ஆம்புலன்ஸ் தாம்பரம் வழியாகச் சென்னைக்குப் பறக்கும். அரசு மருத்துவமனை என்றால் கீழ்ப்பாக்கத்துத் தீக்காயப் பிரிவுதான் முதலில் நினைவுக்கு வரும்.

உயிர் தப்பியவருக்கு அடுத்த பல வாரங்கள் கட்டு மாற்றுவதில் கழியும். டிரெஸ்ஸிங் டிராலியின் சத்தம் கேட்டதுமே சிலருக்கு உடல் நடுங்கும். ஒட்டிப்போன துணியை சலைன் ஊற்றி நனைத்து உரிக்கும்போது வரும் வலி, சும்மா படுத்திருக்கும்போது இருக்கும் வலியைவிடப் பல மடங்கு அதிகம். "கொஞ்சம் பொறுத்துக்கப்பா, முடிஞ்சிடும்" என்கிறார் சிஸ்டர். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அடுத்தடுத்த கட்டில்களிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கட்டு மாற்றும் முன் வலியைக் கேட்டு எழுதுவது, காய்ச்சல் பார்ப்பது போலக் கட்டாயப் பணியாக வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. பூஜ்யம் முதல் 10 வரை எவ்வளவு வலி, எங்கே, எப்போது கூடுகிறது என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கட்டு மாற்றும் நேரத்தை முன்கூட்டியே சொல்வதும் சிகிச்சைதான். மார்ஃபின் மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். துணியை உரிக்கத் தொடங்கிய பிறகு கொடுத்து என்ன பயன்?

கத்துவதை வைத்து வலியை அளக்கும் பழக்கம் ஆபத்தானது. ஆழமான காயத்தின் நடுவில் நரம்பு முனைகள் கருகிவிடுவதால் வலி தெரியாமல் போகலாம். மேலோட்டமான காயமோ வலியால் உயிரை எடுக்கும். கையைச் சுற்றிவளைத்து வெந்திருக்கும்போது வலி ஏறிக்கொண்டே போனால், இரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள் கொள்ளலாம். அதைக் கேட்காமல் விட்டால் கையே போகும். தணிந்த வலி திடீரெனத் திரும்பினால் கிருமித்தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். புண் ஆறும் காலத்தில் ராத்தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்புக்கு மருந்து வேறு.

இதையெல்லாம் யாரிடம், எந்த மொழியில் கேட்பது? இன்று பெரும்பாலும் மொழிபெயர்ப்பவர் உடன் வந்த கூட்டாளி அல்லது காண்டிராக்டரின் ஆள். காண்டிராக்டரின் ஆள் நிற்கும்போது, "பரவாயில்லை" என்பதைத் தவிர அந்த இளைஞன் என்ன சொல்வான்? வேலை போய்விடுமே. (புகுந்த வீட்டார் சூழ்ந்து நிற்க, தீக்காயத்துடன் படுத்திருக்கும் பெண்ணுக்கும் இதே கதிதான்.) செவிலியர் நோயாளியிடம் தனியாகப் பேச இரண்டு நிமிடம் ஒதுக்குவது வார்டின் விதியாக வேண்டும். இந்தி, ஒடியா, வங்காளம், அசாமிய மொழிகளில் முகப்படங்களும் எண்களும் கொண்ட அட்டை ஒன்று ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கட்டும். அதை அச்சிட ஆகும் செலவு அற்பம்.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்கள் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில், கடும் வலிக்கு, அளவறிந்து கொடுப்பதைப் போதைப் பழக்கத்தோடு சேர்க்கக் கூடாது. போதைப்பொருள் சட்டமே 2014-இல் திருத்தப்பட்டு, மருத்துவத்துக்கான அனுமதி முறை எளிதாக்கப்பட்டது. கட்டு மாற்றும் முன் தர வேண்டிய மருந்தையும் அளவையும் மருத்துவர் முன்னதாகவே எழுதிவைத்துவிட்டால், செவிலியர் ஒவ்வொரு முறையும் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டாமல் இதைச் சுற்றறிக்கையாக மட்டும் அனுப்பினால், பதிவேட்டில் எல்லாருக்கும் வலி "3" என்றே இருக்கும். தீக்காயப் பிரிவுகளில் காலியிடங்களை அரசு முதலில் நிரப்பட்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வார்டுகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தட்டும். அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆலைக்கோ காண்டிராக்டருக்கோ இல்லாமல், மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் மட்டுமே இருக்கட்டும்.