நாளைப்போவார் யாருக்காகக் காத்திருந்தார்?

‘இறைவன் குறித்த வேளை வரும், பொறுத்திரு’ என்பாரிடம் நான் திருநாளைப்போவாரை நினைவூட்டுவதுண்டு. காத்திருத்தலே பெயராகிவிட்ட நாயன்மார் அவர். ‘தில்லைக்கு நாளைப் போவேன்’ என்று அவர் நாள் கடத்தியது பக்திக் குறைவாலன்று. தம் குலத்தாருக்கு அங்கே நுழைவில்லை என்பதை அறிந்திருந்ததால். பெரியபுராணத்தில் இறைவன் தாமதிக்கவில்லை; திருப்புன்கூரில் நந்தியையே விலகச் செய்கிறார். (தில்லையில் அவர் தீயில் மூழ்க நேர்ந்தது ஏன் என்பது தனிக் கேள்வி.) 19ஆம் நூற்றாண்டில் ‘நந்தனார் சரித்திரம்’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தார்: தில்லைக்குப் போக விடைதர மறுக்கும் வேதியப் பண்ணையார். தாமதத்துக்கு மனித முகம் கிடைத்தது அப்போதுதான்.

இறைவனை நம்பிக் காத்திருப்போரின் உறுதியை நான் ஐயுறவில்லை. மனிதர் விளைவித்த தாமதத்தை அவன் கணக்கில் எழுதுவதையே மறுக்கிறேன். இதை எழுதும் பொன்முடி, பழைய திருவிதாங்கூர் மண். அதே அரசின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1924இல் அறப்போராட்டம் தொடங்கியது; பெரியார் அதில் சிறை சென்றார். கோயிலுக்குள் நுழைய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் ஆணையில் கையொப்பமிட்டார்.