பாட்டு வரிகளுக்கு கேமிங் லேப்டாப் எதற்கு?

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரக் கமிட்டியானாலும், சென்னைப் புறநகரில் வாடகை மண்டபத்தில் கூடும் சபையானாலும், ஆலயத்துக்கு லேப்டாப் வாங்கும் பேச்சு எழுந்தால் அது ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. வாலிபர் ஒருவர் யூடியூபில் பார்த்ததைச் சொல்வார்: தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், ஐ7 வேண்டும், 80 ஆயிரமாவது ஆகும். பொருளாளர் தொண்டையைக் கனைப்பார். கடைசியில் பண்டிகைக் காலத் தள்ளுபடியில் கிடைத்த, இருப்பதிலேயே மலிவான புது லேப்டாப் ஒன்று வந்து சேரும்.

முதல் யோசனை வீண் செலவு. இரண்டாவது அதைவிட மோசம்.

அந்த இயந்திரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? கீர்த்தனையின் பல்லவியையும் சரணங்களையும் காட்ட வேண்டும். போதகர் வசனம் சொன்னதும் அதைத் தேடித் திரையேற்ற வேண்டும். இடையில் அறிவிப்புகள், எப்போதாவது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் வீடியோ. எழுத்தை மட்டும் காட்டுவது எந்தக் கணினிக்கும் பெரிய பாரமில்லை. எழுத்துக்குப் பின்னால் மேகமும் அலையும் நகர்கிற வீடியோ ஓடும்போதுதான் கொஞ்சம் உழைப்பு தேவை. அதற்கும் தனி கார்டு வேண்டியதில்லை. 2018 வாக்கில் வந்த இன்டெல் சிப்களிலேயே வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ப்ரோபிரசன்டர், ஈஸிவொர்ஷிப் போன்ற மென்பொருள்கள் தனி கிராஃபிக்ஸைப் பரிந்துரைப்பது உண்மைதான். பல திரைகளுக்கு ஒரே நேரத்தில் வெவ்வேறு காட்சி அனுப்பும் பெரிய சபைகளுக்கு அது பொருந்தும். ஒரு புரொஜெக்டரும் ஒரு வெள்ளைத் திரையும் வைத்திருக்கும் சபை ஏன் அந்தப் பரிந்துரையைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

மலிவான புது லேப்டாப்பில் உள்ள வில்லங்கம் வேறு. செலரான் என்4020 சிப், போர்டோடு பற்றவைத்த 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் என்று பெட்டியில் போட்டிருக்கும். விண்டோஸ் 11 இயங்கவே குறைந்தபட்சம் 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அப்படியானால் பாட்டுக்கும் வேதாகமத்துக்கும் மிச்சம் எங்கே? ஸ்லைடை மாற்றச் சொல்லி இரண்டு நொடி கழித்து அது மாறும். அதற்குள் சபை அடுத்த வரிக்குப் போயிருக்கும். ராமைப் பின்னால் கூட்டவும் வழியில்லை. சில மலிவு மாடல்கள் விண்டோஸ் எஸ் மோடில் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் எந்த மென்பொருளையும் அது ஏற்காது. காசில்லாமல் அதை மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரியாமல் பொருளைத் திருப்பிக் கொடுக்க ஓடுபவர்கள் உண்டு.

இந்த வேலைக்குச் சரியான ஆள் பழைய அலுவலக லேப்டாப்தான். நிறுவனங்கள் சில ஆண்டு ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490 போன்றவை சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் சுமார் 20 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நான்கு கோர் கொண்ட எட்டாம் தலைமுறை ஐ5, ராம் பொருத்த இரண்டு இடம், ஹெச்டிஎம்ஐ, லேன் எல்லாம் உண்டு. லாட்டிட்யூட் 5490இல் விஜிஏ போர்ட்டும் இருப்பதால் நன்கொடையாக வந்த பழைய புரொஜெக்டரை அப்படியே மாட்டலாம். டி480இல் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி ஒன்று. ஆராதனை நடுவே கரண்ட் போகும் ஊர்களில் இதன் அருமை தெரியும். ராமை 16 ஜிபி ஆக்கி, நல்ல எஸ்எஸ்டி ஒன்று போட்டால் வேலை முடிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. “ஏழாம் ஜென்தான் சார், ஆனா 11 போட்டுத் தர்றோம்” என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

மென்பொருளைப் பற்றிப் பேச சபைகளுக்குக் கொஞ்சம் கூச்சம். ப்ரோபிரசன்டரும் ஈஸிவொர்ஷிப்பும் டாலரில் சந்தா கேட்பவை. அதனால் கிராக் செய்த பிரதி ஒன்று பென் டிரைவில் சபை சபையாகப் போகிறது. பத்துக் கட்டளைகளில் களவுக்கும் ஓர் இடம் உண்டு என்பது பீடத்திலிருந்து அடிக்கடி நினைவூட்டப்படுவதுதான். அது மீடியா டீம் மேசை வரை போய்ச் சேருவதில்லை. கிராக் பிரதியை நாட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓபன்எல்பி, ஃப்ரீஷோ இரண்டும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். ஓபன்எல்பியில் ஈஸிவொர்ஷிப் பாட்டுத் தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம், அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்தே ஸ்லைடைத் தள்ளலாம். வர்ஸ்வியூவும் இலவசம்தான், தமிழ் வேதாகமத்தோடு இந்தியச் சபைகளில் நன்றாகப் புழங்குகிறது.

தமிழ்ச் சபைகளின் உண்மையான தலைவலி எந்த விளம்பரத்திலும் இருக்காது. இருபது வருடமாகச் சேர்த்த பாட்டு பிபிடிகள் பலவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினியில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான்; அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. புது லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லையென்றால் போர்வை விலகி, திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து நிற்கும். ‘லேப்டாப் சரியில்லை’ என்று பழி அதன் மேல் விழும். எழுத்துருவை நிறுவினால் அந்த ஞாயிறு தப்பும். ஆனாலும் பாட்டைத் தேடி எடுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே யூனிகோட் தமிழ் இருக்கிறது. நிர்மலா யுஐ எழுத்துரு விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பாட்டையும் ஒருவர் உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். புது லேப்டாப்புக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

யூடியூப் நேரலை செய்யும் சபைக்குக் கணக்கு மாறும். 2020 ஊரடங்குக்குப் பின் அதைப் பலர் நிறுத்தவே இல்லை. கேமராக் காட்சியை ஓபிஎஸ் மென்பொருளில் சுருக்கி அனுப்பிக்கொண்டே பாட்டு வரியையும் அதே லேப்டாப்பில் ஓட்டினால், ஒன்று திணறும்போது மற்றதும் திணறும். 80 ஆயிரத்துக்கு ஒன்று வாங்குவதைவிட, பாட்டுக்கு ஒன்று, நேரலைக்குக் கொஞ்சம் பலமான ஒன்று என இரண்டாகப் பிரிப்பதே நல்லது.

இன்னொன்று ஒலி. ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டியதும் விண்டோஸ் சில சமயம் சத்தத்தைப் புரொஜெக்டருக்குத் திருப்பிவிடும். சபை நிசப்தமாக வீடியோ பார்க்க, கூரையில் தொங்கும் பெட்டி மட்டும் கீச்சென்று பேசும். ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு வயர் இழுத்தால், சார்ஜர் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் எழலாம். அதற்கு இரைச்சலைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் ஒன்றை இடையில் போட வேண்டும், லேப்டாப்பை மாற்றிப் பயனில்லை.

ஆகவே கடைக்குப் போகும்போது சபையின் மிகக் கனமான வீடியோ பின்னணி, யூனிகோடில் ஒரு பாட்டு, பாமினியில் ஒன்று, ஆலயத்தில் போட்டிருக்கும் அதே கேபிள் ஆகியவற்றையும் எடுத்துப் போகலாம். கடையிலிருக்கும் டிவியில் மாட்டி, விண்டோஸ் விசையோடு பி-ஐ அழுத்தித் திரையை நீட்டி, அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு அரை மணி. கடைக்காரர் முகம் சுளிக்கத்தான் செய்வார். டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.